மெஷின் தின்ன பங்கு

வடக்கனந்தல் பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருக்கும் ஜாபர் பாய் மில்லில் நான்கு மெஷின்கள். நான்குக்கும் நான்கு குணம். நெல் அரைக்கும் ஹல்லர் வாசலுக்கு நேராக நிற்கும். உமியைத் துப்பிக்கொண்டு, பாதி அரிசியை நொய்யாக்கிக்கொண்டு, தானே மில்லின் பெரிய மனுஷன் என்ற நினைப்பில் சத்தம் போடும். அதற்கு அடுத்தது பல்வரைசர். உள்ளே இரும்புச் சுத்திகள் சுழன்று மிளகாயையும் மல்லியையும் மஞ்சளையும் அடித்துத் தூளாக்கும். அதன் பக்கம் போய்த் தும்மாமல் திரும்பியவர் கிடையாது. மூலையில் ஒரு கிழட்டு மெஷின், சீயக்காய்க்கு மட்டும். வேறு எதையும் அதில் போட்டால் தின்கிறவர் வாயில் நுரை வரும். கடைசியாக பிளேட் மெஷின். இரண்டு இரும்புத் தட்டுகள் முகத்தோடு முகம் உரசி அரிசியையும் கேழ்வரகையும் கோதுமையையும் மாவாக்கும். காசியம்மாளுக்கு நான்கில் பிடித்தது இதுதான். சத்தம் கம்மி, சொன்ன பேச்சு கேட்கும்.

பதினெட்டு வருஷமாக அவள்தான் இவற்றை ஓட்டுகிறாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கண்டுகொண்ட பெரிய உண்மை ஒன்று உண்டு. எந்த மெஷினும் போட்டதை முழுசாகத் திருப்பித் தராது. ஹல்லர் தவிட்டோடு தவிடாகக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளும். பல்வரைசர் சல்லடைக்குப் பின்னால் பதுக்கும், மேலே கட்டியிருக்கும் துணிப்பையிலும் ஊதி அடைத்துக்கொள்ளும். பிளேட் மெஷின் தட்டுகளின் இடுக்கில் ஒரு கைப்பிடி மாவைப் பிடித்து வைத்து, அடுத்து வருகிறவர் பையில் கொண்டுபோய்க் கொட்டும். அதனால்தான் மில்லுக்கு வரும் பெண்கள் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, "முன்னாடி இன்னா அரைச்சீங்க?" என்று கேட்பார்கள். பச்சரிசி கொண்டுவந்தவள், முன்னால் போனது கேழ்வரகு என்று தெரிந்தால் இன்னொருத்தியை நைசாக முன்னே தள்ளிவிட்டுத் தான் பின்னால் நகர்ந்துகொள்வாள். எப்படிப் பார்த்தாலும் ஊரில் யார் வீட்டுக் களியிலும் இன்னொருத்தர் வீட்டுத் தானியம் கொஞ்சம் இருக்கும். ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள்கூட மெஷின் வழியாக ஒருத்தர் மாவை ஒருத்தர் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். காசியம்மாள் இதை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள். வெளியே சொன்னால் பாதிப் பேர் மில்லுக்கு வரமாட்டார்கள்.

பத்து கிலோ மூட்டையில் ஒரு கைப்பிடி போனால் யாருக்கும் தெரியாது. ஒரு கிலோ கொண்டுவருகிறவளுக்குத் தெரியும். நடவு நட்ட கூலிக்கு வந்த கேழ்வரகை முந்தானையில் முடிந்துகொண்டு இதே மில்லின் வாசலில் நின்றவள் காசியம்மாள். அன்று மாவு குறைந்து வந்ததைப் பார்த்து வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லாமல் வீட்டுக்குப் போனாள். இங்கேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் செய்த முதல் காரியம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கழுவி பிளேட் மெஷினுக்கு வலப்பக்கம் வைத்ததுதான். தினமும் சாயந்திரம் தட்டுகளைக் கழற்றி, பிரஷ்ஷால் கூட்டி, உள்ளே தங்கின மாவை அந்த டப்பாவில் சேர்ப்பாள். மறுநாள் மூன்று கிலோவுக்குக் கம்மியாக யார் கொண்டுவந்தாலும், அரைத்து முடித்ததும் டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி அவர்கள் பையில் போட்டுவிடுவாள். மெஷின் தின்ன பங்கைத் திருப்பிக் கொடுக்கிறாளாம். யாரையும் கேட்பதில்லை, யாருக்கும் சொல்வதில்லை. அவள் வாய் அடுத்த ஆளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கை போய் வந்துவிடும். "மெஷின் துன்றத எல்லாம் காசியம்மா கக்க வெச்சிடுதுப்பா" என்று ஜாபர் பாய் கிண்டல் பண்ணுவார். ஆனால் தடுத்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டுக் கூட்டம். எல்லாம் பெரிய மூட்டைகள். காலையிலேயே வந்துவிட்டு வரிசைக்குப் பின்னால், உமி மூட்டையின் ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். கையில் வெள்ளைத் துணிப்பை, இரண்டரை கிலோ தேறும். முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்தவள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அரைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்குத்தான் காசியம்மாள் கண்ணில் பட்டாள்.

"ஏம்மா, நீ எப்ப வந்த? அங்க இன்னா சொவத்துக்கு முட்டுக் குடுத்துக்கினு நிக்கிற? இப்படி வா."

அவள் வந்தாள். ஆனால் பையைக் கொடுக்கவில்லை. "அக்கா, முன்னாடி இன்னா அரைச்சீங்க?"

"கோதுமை. ஏன், ஆவாதா?"

"கோதுமை பரவால்லக்கா. மல்லாட்ட போட்டு எதுனா அரைச்சீங்களா?"

நிலக்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். மல்லாட்டை விளையாத கொல்லை இல்லாத ஊரில் இப்படி ஒரு கேள்வியைக் காசியம்மாள் கேட்டதே இல்லை. அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னாள். பேர் தங்கமணி. ஊர் கொட்டாம்பாறை, வெள்ளிமலை ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை, இசைவாணி. போன வருஷத் திருவிழாவில் யாரோ ஒரு துண்டு கடலை மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் முகம் வீங்கி, கண் மூடி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. யார் காலையோ பிடித்து வண்டி ஏற்பாடு பண்ணிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். மல்லாட்டை ஒரு துளி உள்ளே போகக் கூடாது, தூளாக இருந்தாலும் ஆகாது, இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வந்து சேர நேரம் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையில் இருப்பது சாமையும் தினையும் கேழ்வரகும். வறுத்துக் கொண்டுவந்திருக்கிறாள். குழந்தைக்குக் கஞ்சி மாவு.

காசியம்மாள் மோட்டாரை நிறுத்தினாள். தட்டுகளைக் கழற்றினாள். பிரஷ் போட்டாள், ஈரத்துணி போட்டாள், காய்ந்த துணி போட்டாள். தானியம் கொட்டும் குப்பிக்குள் கையை விட்டு விரல் எட்டுகிற வரைக்கும் துடைத்தாள். திரும்பப் பூட்டி, தன் வீட்டுக்கென்று வைத்திருந்த அரிசியில் ஒரு கிலோவைப் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கோழிக்கு என்று தனியாகக் கொட்டினாள். மறுபடியும் கழற்றினாள்.

வரிசையில் இருந்த ராஜாம்பாள் பொறுமை இழந்தாள். "இன்னா காசி, மெஷினுக்குத் தலைக்கு ஊத்துறியா? பந்தியில வந்து நீ பதில் சொல்லுவியா? ரெண்டு கிலோ மாவுக்கு இந்தப் பாடா?"

"ரெண்டு கிலோவோ ரெண்டு மூட்டையோ, அரைக்கிறது நானு. செத்த குந்து."

தங்கமணி கண்ணை எடுக்காமல் காசியம்மாளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்ப்பது ஒரு வருஷமாக அவளுக்குப் பழக்கமாகிவிட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அரைத்து முடித்து, வரிசையில் அடுத்தவளின் மூட்டை என்ன அரிசி என்று கேட்டுக்கொண்டே, காசியம்மாள் துணிப்பையின் வாயை நூலால் கட்டி நீட்டினாள். தங்கமணி வாங்கிக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். வெளியே மலை பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் ஜாபர் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் மில்லில் எல்லா மோட்டாரும் நின்றுவிடும். அந்த அமைதி காசியம்மாளுக்கு ஒரு வாரத்துக்கான ஓய்வு. சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் எதேச்சையாகப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள்.

முந்தின நாள் சாயந்திரம் அதை மூடும் முன் உள்ளங்கையால் மாவைத் தட்டிச் சமமாக்கியிருந்தாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். இப்போது அந்தச் சமத்தின் நடுவில் ஒரு பள்ளம், நான்கு விரல் தடத்தோடு. அள்ளிய கை அவளுடையது. காலையிலிருந்து வந்தவை எல்லாம் பெரிய மூட்டைகள், எதற்கும் அவள் டப்பாவிலிருந்து போடவில்லை. சின்னப் பை ஒன்றே ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் வியாழக்கிழமை சாயந்திரம் கடைசியாக அரைத்தது என்ன என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத் தெருவிலிருந்து வந்த சத்துமாவு. கோதுமை, பொட்டுக்கடலை, பாதாம், அரை கிலோ வறுத்த மல்லாட்டை. அதுதான் டப்பாவில் மேலாக இருந்தது.

காசியம்மாள் தன் வலது கையைப் பார்த்தாள். போட்டேனா? எத்தனை தடவை யோசித்தாலும் போட்ட ஞாபகம் இல்லை. தட்டுகளைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது, அரிசி ஓட்டியது இருக்கிறது, ராஜாம்பாளுக்குப் பதில் சொன்னது இருக்கிறது. மனசு மெஷினைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் கை தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துவிட்டது. பதினெட்டு வருஷம் பழகின கைக்கு யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை.

கேவலமான ஒரு யோசனையும் அவளுக்கு வந்தது, மறைப்பானேன். இரண்டரை கிலோவில் ஒரு கைப்பிடி, அந்தக் கைப்பிடியில் மல்லாட்டை எவ்வளவு இருந்துவிடும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். அப்படியே ஏதாவது ஆனாலும் யார் மில்லைக் குற்றம் சொல்வார்கள்? கண்ணெதிரே மெஷினைக் கழுவினதை ஊரே பார்த்தது. இந்த யோசனை வந்த வேகத்தில் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. சோற்று டப்பாவை மூடினாள். ஜாபர் பாய்க்குப் போன் போட்டாள். பள்ளிவாசலுக்குள் போனை அணைத்து வைத்திருந்தார். மில்லைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டு, பன்னிரண்டே முக்கால் மலை பஸ்ஸில் ஏறினாள்.

கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். நல்ல மனுஷன். முன்னால் போன பஸ்ஸின் கண்டக்டருக்குப் போன் போட்டார். நாலு தடவை எடுக்கவில்லை, ஐந்தாவது தடவை எடுத்தார். "கொட்டாம்பாறை பிரிவா? ஒரு பொம்பள எறங்கி கால் மணி ஆச்சே" என்று பதில் வந்தது. அங்கே இருக்கிற யாருக்காவது போன் போடலாமா என்றால், பிரிவு ரோட்டைத் தாண்டினால் சிக்னல் கிடையாது.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. காசியம்மாள் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மெஷினுடைய வயிற்றிலும் என்ன தங்கும், எவ்வளவு தங்கும் என்று அவளுக்குத் தெரியும். பல்வரைசர் சல்லடை அடைத்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். தட்டு தேய்ந்தால் மாவின் சூட்டிலேயே கண்டுபிடிப்பாள். தன் கையைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாமல் போயிற்று. இத்தனை வருஷத்தில் எத்தனை பைகளில் அந்தக் கை போயிருக்கும்? யாரிடமாவது ஒரு தடவை, உனக்கு இது வேண்டுமா என்று கேட்டிருக்கிறாளா? கேட்கத் தோன்றியதே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு இருந்தால் கேட்க என்ன இருக்கிறது? ஒரு குழந்தையின் மூச்சு நின்றால் அதற்குக் காரணம் தன் கை என்பதை நினைக்கும்போதெல்லாம் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பிரிவு ரோட்டில் இறங்கி, வழி கேட்டு, ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஐம்பத்திரண்டு வயசு முழங்கால் கெஞ்சியது. அவள் காதில் வாங்கவில்லை. கொட்டாம்பாறையில் பதினைந்து வீடு இருந்தாலே அதிகம். மூன்றாவது வீட்டு வாசலில், பாவாடை மட்டும் கட்டிய ஒரு குழந்தை எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, வாணாம்!"

ஓடிப்போய் டம்ளரைத் தட்டிவிட்டாள். கஞ்சி மண்ணில் கொட்டியது. குழந்தை வீறிட்டு அழுதது. காசியம்மாள் அதன் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். உள்ளேயிருந்து தங்கமணி ஓடிவந்தாள்.

"யக்கா! நீங்களா? இன்னா ஆச்சுக்கா?"

"மோசம் பண்ணிட்டேன் தாயி. நேத்து மல்லாட்ட மாவு அரைச்சேன். அந்த மாவுல ஒரு கை உன் பையில போட்டுட்டேன். தெரிஞ்சு போடல. இந்தக் கை போட்டுடுச்சு. எவ்ளோ குடிச்சிது? சொல்லு, எவ்ளோ குடிச்சிது? தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தங்கமணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பதறவில்லை. "அது ரேஷன் அரிசிக் கஞ்சிக்கா" என்றாள். "உங்க மாவு அங்க இருக்குது."

அவள் காட்டின பக்கம் காசியம்மாள் திரும்பினாள். வீட்டைவிட்டுத் தள்ளி நின்ற பலாமரத்தின் கிளையில் அந்த வெள்ளைத் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டின நூல் அவிழ்க்கப்படவில்லை. வீட்டுக்குள்ளேயே அது போகவில்லை.

காசியம்மாள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள். தங்கமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு சொன்னாள்.

"நீங்க போட்டத நான் பாத்தேன்க்கா. டப்பாவுல இன்னா மாவுன்னு தெரியாது. தெரியாதத எப்படிக் கொழந்தைக்குக் குடுக்கிறது? அதான் வெளிய கட்டிட்டேன். யாருக்குனா குடுத்துடலாம்னு."

காசியம்மாளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "பாத்தியா? பாத்துக்கினு சும்மா இருந்தியா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி? அப்பவே கீழ கொட்டிட்டு வேற அரைச்சிருக்க மாட்டேனா? நாலு மாசம் வெயில்ல நின்னு வெளைய வெச்ச தானியம்!"

தங்கமணி தலையைக் குனிந்துகொண்டாள். குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"கீழ எந்த மில்லுக்குப் போனாலும் மலைக்காரங்க பையக் கடைசிலதான்க்கா வெப்பாங்க. நீங்க எனுக்காக மெஷினயே கழட்டுனீங்க. உங்க வூட்டு அரிசியப் போட்டுக் கழுவுனீங்க. அத்தினி பேரும் திட்டிக்கினே நின்னாங்க, நீங்க எனுக்காகப் பேசுனீங்க. அதுக்கு மேல ஒரு கை மாவும் போட்டீங்க. எனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. அந்த மாவ வாணாம்னு எந்த வாயால சொல்றதுக்கா?"

மாவு குறைந்ததைக் கேட்கத் தைரியம் இல்லாமல் அதே மில்லிலிருந்து திரும்பிப் போன தன் பழைய கோலம் காசியம்மாள் முன்னால் வந்து நின்றது. அன்று அவள் வாயைக் கட்டியது பயம். இன்று இந்தப் பெண்ணின் வாயைக் கட்டியது தன்னுடைய நல்ல மனசு. பிள்ளையின் உயிருக்காகக் கண் கொட்டாமல் காவல் இருக்கிற ஒரு தாயைக்கூட அது பேசவிடாமல் செய்துவிட்டது. இதைவிட அந்த டப்பாவை அவள் வைக்காமலே இருந்திருக்கலாம்.

சாயந்திர பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பலாமரத்திலிருந்து பையை அவிழ்த்துக்கொண்டாள். "இத நான் எடுத்துக்கிறேன். வூட்ல தானியம் இருக்குதா?"

"சாமை கொஞ்சம் இருக்குதுக்கா. கேவுரு கம்மி."

"கேவுரு நான் தரேன். வர்ற வெள்ளிக்கெழம வா. மொத ஓட்டம் உன்னுது. ஆனா ஒண்ணு, நான் தப்பா எதுனா பண்ணா வாயத் தொறந்து சொல்லணும். எத்தினி பேரு நின்னாலும் சொல்லணும். சொல்லுவியா?"

தங்கமணி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் காசியம்மாளுக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

கீழே வந்து ஜாபர் பாயிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நானும் பதினெட்டு வருஷமா பாத்து சிரிச்சிக்கினுதானேம்மா இருந்தேன்" என்றார். பிறகு எழுந்துபோய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து, அதில் இருந்ததை மாட்டுத் தொட்டிக்குக் கொட்டச் சொல்லிவிட்டு, காலி டப்பாவைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். அரிசி மாவு, கேழ்வரகு மாவு மட்டும் இனி அதில் சேரும். சின்னப் பைக்காரர்கள் போகும்போது, இன்ன மாவு இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டுக் கொடுப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த வாரத்திலேயே மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று பேர்! காசியம்மாளுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. இத்தனை நாள் வேண்டாமல்தான் வாங்கிக்கொண்டு போனார்களா என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கமணி முதல் பஸ்ஸில் வந்தாள். வரிசையில் ஏழெட்டுப் பேர். ராஜாம்பாளும் இருந்தாள், இந்த முறை வளைகாப்பு வீட்டு மூட்டையோடு. காசியம்மாள் தங்கமணியை முன்னால் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். தட்டுகளைக் கழற்றினாள், துடைத்தாள், அரிசி ஓட்டினாள், மறுபடியும் துடைத்தாள். தங்கமணியின் சாமையையும் தன் கேழ்வரகையும் கொட்டினாள். பிளேட் மெஷின் சமர்த்தாக ஓடியது. மாவு வெதுவெதுப்பாக இறங்கியது.

"காசி, என்னுது பச்சரிசிடி, நைசா வேணும்" என்றாள் பின்னாலிருந்து ராஜாம்பாள்.

"ஆவட்டும், ஆவட்டும்" என்று திரும்பிப் பதில் சொன்னாள் காசியம்மாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கை, டப்பா இருந்த இடத்துக்குப் போயிற்று. அங்கே டப்பா இல்லை. முந்தின நாள் அரைத்த யாருடையதோ சிந்தின மாவு மட்டும் பலகைமேல் கொஞ்சம் கிடந்தது. விரல்கள் அதைக் கூட்டி அள்ளப் பார்த்தன.

"யக்கா, கை!"

மோட்டார் சத்தத்தையும் மீறி மில் முழுக்கக் கேட்டது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ராஜாம்பாள் வாயைப் பிளந்தாள். மேஜையிலிருந்து ஜாபர் பாய் எழுந்தேவிட்டார். தன் குரல் இவ்வளவு பெரிசு என்பது தங்கமணிக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும், அவள் முகம் சிவந்து போயிற்று. ஆனால் கண்ணை அந்தக் கையிலிருந்து எடுக்கவில்லை.

காசியம்மாள் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். விரலில் ஒட்டின மாவைப் புடவையில் துடைத்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.